நூற்று நாற்பதில் ஒன்று

திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கலை, அறிவியல் கல்லூரி ஒன்றில் இளநிலைப் பட்டம் வாங்க 140 கிரெடிட் சேர்க்க வேண்டும். அதில் 'பாலினக் கல்வி' தாளுக்கு உரியது 1. ஆறாவது செமஸ்டரில், பாடப் பட்டியலின் கடைக்கோடியான ஐந்தாம் பகுதியில், வாரத்துக்கு ஒரு மணி நேரமாக அது வருகிறது. புராஜெக்ட், வைவா, வளாக நேர்காணல், பழைய அரியரைத் தீர்க்கும் கவலை, பிரிவு உபசார விழா என்று மூன்றாம் ஆண்டு மாணவர்கள் மூச்சுவிட நேரமில்லாமல் அலையும் மாதங்கள் அவை. அந்த ஒரு மணி நேரத்துக்குள் பால், பாலினம், தந்தைவழிச் சமூகம், பெண்ணியம், பெய்ஜிங் மாநாடு, ஐ.நா. உடன்படிக்கை, பிறப்பு விகிதம், எழுத்தறிவு, பெண்கள் இயக்கங்கள், சட்டப் பாதுகாப்பு என ஐந்து அலகுகளையும் முடித்தாக வேண்டும்.

இதை ஏளனமாகச் சொல்லவில்லை. திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை, அரியலூர், பெரம்பலூர், கரூர், நாகை, திருவாரூர்ப் பக்கங்களில் வேதியியல் படித்தவரும் வணிகவியல் படித்தவரும் தமிழ் இலக்கியம் படித்தவரும் பாலினம் பற்றி ஒரு தேர்வாவது எழுதிவிட்டுத்தான் பட்டம் வாங்குகிறார்கள். இந்தியாவில் எத்தனையோ பல்கலைக்கழகங்களில் அந்த ஒரு கிரெடிட்டும் கிடையாது. ஆனாலும் அந்தத் தாள் வகுப்பறையில் எப்படி நடக்கிறது என்பதைக் கல்லூரி ஆசிரியர் அறைகளில் உட்கார்ந்து பேசியவர்கள் அறிவார்கள். யாருக்கு வொர்க்லோடு குறைகிறதோ அவர் தலையில் விழும் தாள் அது. கணிதப் பேராசிரியரும் நடத்துவார், கணினிப் பேராசிரியரும் நடத்துவார். சிலர் அக்கறையோடு படித்து வந்து நன்றாகவே நடத்துகிறார்கள். மற்ற இடங்களில் இருபது பக்க நோட்ஸ் ஜெராக்ஸ் கடைக்குப் போகிறது. 'பெண்களின் முன்னேற்றத்துக்கான தடைகள் யாவை' என்ற கேள்விக்கு ஆறு தலைப்பில் விடை எழுதிவிட்டு மாணவர் வெளியே வருகிறார். அவருடைய முதன்மைப் பாடத்தின் பக்கங்களில் எதுவும் அசைந்திருக்காது.

கோளாறு கிரெடிட் எண்ணிக்கையில் இல்லை. அது ஒன்றிலிருந்து நான்காக உயர்ந்தாலும் தாள் இதே இடத்தில் இருந்தால், நோட்ஸ் இருபது பக்கத்திலிருந்து எண்பது பக்கமாகும், அவ்வளவுதான். பாலினத்தையும் சமூகப் பன்மையையும் இலையோரத்து ஊறுகாயாக வைப்பதா, சோற்றிலேயே பிசைவதா என்பதே நாம் முடிவு செய்ய வேண்டியது. மருத்துவம், சட்டம், பொருளியல், கணினி என்று இதற்கு இடமுள்ள ஒவ்வொரு பட்டத்தின் முதன்மைப் பாடத்துக்குள்ளும் இது போக வேண்டும் என்பது என் கட்சி.

இந்த ஓரத்து இடம் எப்படி வாய்த்தது என்று பார்க்கக் கொஞ்சம் பின்னே போக வேண்டும். 1971-இல் மத்திய அரசு பெண்களின் நிலையை ஆராய ஒரு குழு அமைத்தது. தலைவர் புல்ரேணு குஹா, உறுப்பினர் செயலர் வீணா மஜும்தார். 'சமத்துவத்தை நோக்கி' என்ற அவர்களின் அறிக்கை 1974-இன் இறுதியில் வந்தது. ஆயிரம் ஆண்களுக்கு 1901-இல் 972 பெண்கள் இருந்தார்கள். 1971-இல் 930 ஆகிவிட்டார்கள். அரசியல் சட்டம் சமத்துவம் தந்துவிட்டது, இனி எல்லாம் தானாக நடக்கும் என்று நம்பியிருந்த படித்த வர்க்கத்துக்கு அது பேரதிர்ச்சி. எழுபது ஆண்டுக் கணக்கெடுப்பு கண்ணெதிரே கிடந்தும் பல்கலைக்கழகங்களின் பாடங்களில் அது ஒரு கேள்வியாக எழவே இல்லை என்பது இன்னும் பெரிய அதிர்ச்சி. அதே காலத்தில் மும்பை எஸ்.என்.டி.டி. பல்கலைக்கழகத்தில் நீரா தேசாயின் முயற்சியால் பெண்ணிய ஆய்வுப் பிரிவு பிறந்தது. 1981-இல் முதல் தேசிய மாநாடும் அங்கேதான் கூடியது. 1986-இன் தேசியக் கல்விக் கொள்கை பெண்ணிய ஆய்வுகளைப் பல்வேறு படிப்புகளின் பகுதியாக வளர்க்கச் சொன்னது. பல்கலைக்கழக மானியக் குழு தனி மையங்களுக்குப் பணம் ஒதுக்கியது. அதற்கு முன்பே, 1984-இல், தமிழ்நாடு கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியிருந்தது.

கொள்கை சொன்னது 'பல்வேறு படிப்புகளின் பகுதியாக' என்று. கட்டப்பட்டதோ தனி மையம். முதுநிலை, முனைவர் பட்டம், கருத்தரங்கம், மலர் வெளியீடு எல்லாம் மையத்துக்குள் நடந்தன. இவற்றில் நல்ல வேலைகளும் உண்டு. ஆனால், பதினெட்டு வயதில் கல்லூரிக்குள் வந்து இருபத்தொன்றில் வெளியேறும் பெருங்கூட்டம் அந்தப் பக்கம் போகவே இல்லை. அந்தக் கூட்டம் தமிழ்நாட்டில் எவ்வளவு பெரிது என்பதற்கு அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பே சாட்சி: 2021-22-இல் நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4, தமிழ்நாட்டில் 47. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்த பிறகு, வீட்டின் முதல் பட்டதாரியாகக் கல்லூரிப் படியேறும் பெண்களைச் சிற்றூர்ப் பேருந்து நிறுத்தங்களில் காலை எட்டு மணிக்குப் பார்க்கலாம். வகுப்பறைக்குள் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது மாறிவிட்டது. அவர்கள் கையில் இருக்கும் புத்தகம் மாறவில்லை.

இதற்கு மருத்துவப் படிப்பைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. 1875-இலேயே நான்கு பெண்களை மாணவிகளாகச் சேர்த்துக்கொண்டது சென்னை மருத்துவக் கல்லூரி. முத்துலட்சுமி ரெட்டி அங்கேதான் படித்து 1912-இல் வெளியே வந்தார். இன்று எம்.பி.பி.எஸ். வகுப்புகளில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருப்பது சாதாரணக் காட்சி. அந்தப் பெண்களும் ஆண்களும் சேர்ந்தே தடயவியல் மருத்துவப் புத்தகத்தில் கன்னித்தன்மைக்கு அடையாளங்கள் எவை என்று மனப்பாடம் செய்தார்கள். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணை 'இருவிரல் பரிசோதனை' செய்து அவள் 'பழக்கப்பட்டவளா' என்று குறிப்பெழுதக் கற்றார்கள். அந்தக் குறிப்பு நீதிமன்றத்துக்குப் போய்க் குற்றவாளியை விடுவிக்க உதவியது. எந்த அறிவியல் அடிப்படையும் இல்லாத ஒன்று, தேர்வில் மதிப்பெண் தரும் விடையாக இருந்தது.

உச்ச நீதிமன்றம் 2013-இலேயே அந்தப் பரிசோதனை பெண்ணின் கண்ணியத்துக்கு எதிரானது என்றது. மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டு நெறிகள் 2014-இல் வந்தன. ஆனாலும் அது நின்றபாடில்லை. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அதைத் தடைசெய்யத் தமிழ்நாடு அரசுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் கண்டித்தபோது, மருத்துவக் கல்லூரிகளின் பாடத்திட்டத்தைப் பார்த்து இதை நீக்குங்கள் என்றும் சேர்த்துச் சொன்னது. ஒரு பழக்கம் தீர்ப்புக்குத் தீர்ப்பு உயிர்பிழைத்து வருகிறது என்றால் அதன் வேர் இளநிலைப் புத்தகத்தில் இருக்கிறது என்பதை நீதிபதிகள் கண்டுகொண்டார்கள்.

இன்னொரு வழக்கும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. குடும்பத்தாருக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு இளம்பெண்கள் பாதுகாப்பு கேட்டுத் தொடுத்த சுஷ்மா வழக்கில், நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று விரிவான உத்தரவு பிறப்பித்தார். அதற்கு முன் தாமே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து, தன்பால் ஈர்ப்பு பற்றித் தமக்கிருந்த முன்முடிவுகளைப் பேசித் தீர்த்துக்கொண்டார்; அதை வெளிப்படையாகவும் பதிவு செய்தார். சட்டம் படித்து, வழக்காடி, நீதிபதியான ஒருவருக்கே அவருடைய பட்டப்படிப்பு கற்றுத்தராத பாடம் அது. பள்ளி, பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களைத் திருத்த வேண்டும் என்பதும் அந்த உத்தரவில் இருந்தது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2021 அக்டோபரில், தேசிய மருத்துவ ஆணையம் எல்லா மருத்துவக் கல்லூரிகளுக்கும் பாடநூல் ஆசிரியர்களுக்கும் அறிவுரை அனுப்பியது. தன்பால் ஈர்ப்பினரையும் திருநரையும் இழிவுபடுத்தும் பகுதிகளை, கன்னித்தன்மை பற்றிய அறிவியலற்ற பகுதிகளைக் கற்பிக்காதீர்கள் என்றது.

இவ்வளவும் நடந்த பிறகு 2024 ஆகஸ்ட் இறுதியில் அதே ஆணையம் வெளியிட்ட புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில், பெண்ணுக்குப் பெண் மீதான ஈர்ப்பு 'இயற்கைக்கு மாறான பாலியல் குற்றம்' என்ற தலைப்பின் கீழ் திரும்பி வந்தது. கன்னிச் சவ்வின் மருத்துவ, சட்ட முக்கியத்துவமும் கூடவே வந்தது. தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் வயதுவந்தோரின் சம்மத உறவைப் பொறுத்தவரை செல்லாதென்று சொல்லிக் கிட்டத்தட்ட ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தப் பிரிவே இல்லாத புதிய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்து இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. எதிர்ப்பு கிளம்பியதும் செப்டம்பர் 5 அன்று ஆணையம் அதைத் திரும்பப் பெற்று, பின்னர் திருத்தி வெளியிட்டது. யாரோ சதி செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. பழைய கோப்பைத் திறந்து, அதிலிருந்தே புதியதைத் தயாரித்திருப்பார்கள். பாடத்திட்டங்கள் பெரும்பாலும் அப்படித்தான் பிறக்கின்றன. அப்படிப் பிறக்கும்போது மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவருக்குக்கூடக் கண்ணில் படவில்லையே என்பதுதான் கவலை.

மருத்துவக் கல்வியில் வேறொரு வழியும் முயன்று பார்க்கப்பட்டிருக்கிறது. மகாராஷ்டிரத்தில் 'செஹாட்' என்ற ஆய்வு நிறுவனம் அம்மாநில மருத்துவக் கல்வித் துறையோடு சேர்ந்து வேலை செய்தபோது தனியாகப் பாலினத் தாள் ஒன்றைக் கேட்கவில்லை. மகப்பேறு, சமூக மருத்துவம், தடயவியல், உள் மருத்துவம், மனநலம் ஆகிய ஐந்து பாடங்களின் பேராசிரியர்களுக்குப் பயிற்சி தந்து, அவர்கள் ஏற்கெனவே எடுக்கும் பாடவேளைக்குள்ளேயே விஷயத்தைச் சேர்த்தது. கருக்கலைப்புச் சட்டம் பற்றிய வகுப்பில், தனியாக வரும் திருமணமாகாத பெண்ணிடம் எப்படிப் பேசுவது என்பதும் அந்த வகுப்பின் பகுதி. எலும்பு முறிவோடு மூன்றாவது முறை வரும் மனைவியிடம் என்ன கேட்க வேண்டும் என்பது அந்தந்தத் துறையின் நோய்க்குறிப்பு எடுக்கும் பயிற்சியிலேயே அடங்கிவிடும். மாணவர் இதை 'ஐந்தாம் பகுதி' என்று ஒதுக்க முடியாது. அது தொழிலாகிவிடுகிறது.

தெலங்கானாவின் கதை வேறு. அங்கே 2015-இல் ஹைதராபாத் ஜவாஹர்லால் நேரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் பொறியியல் மாணவர்கள் எல்லோருக்கும் பாலினப் பாடத்தைக் கட்டாயமாக்கியது. 'அன்வேஷி' பெண்ணிய ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் அதற்கென்றே ஒரு பாடநூல் எழுதினார்கள். ஆங்கிலமும் தெலுங்கும் ஒரே நூலில். வெளியிட்டது தெலுகு அகாதமி. பெண்ணும் ஆணும் எப்படி வார்க்கப்படுகிறார்கள் என்பதில் தொடங்கி, வீட்டுவேலை என்ற கண்ணுக்குத் தெரியாத உழைப்பு, காணாமல்போன பெண் குழந்தைகள், பாலியல் சீண்டல், இருபாலுக்கு அப்பால் உள்ளவர்கள், சமமான காதல் உறவு என்று பதினெட்டு வயதுப் பையனும் பெண்ணும் உள்ளுக்குள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விகளைத் தொடுகிறது நூல். பெய்ஜிங் மாநாடு, ஐ.நா. உடன்படிக்கை என்று போகும் நம்முடைய அலகுகளோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். வகுப்புக்கு 'லேப்' என்றே பெயர். விரிவுரை குறைவு, பேச்சும் செயல்பாடும் அதிகம். பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். அந்தப் பல்கலைக்கழகத்தின் 2018 விதிமுறைகளில் இந்த லேபுக்கு வாரம் இரண்டு மணி நேரம் உண்டு, கிரெடிட் பூஜ்யம். நமக்கு கிரெடிட் இருக்கிறது, நல்ல புத்தகம் இல்லை; அவர்களுக்கு நல்ல புத்தகம் இருக்கிறது, கிரெடிட் இல்லை. தமிழில் அப்படி ஒரு பாடநூலை எழுத ஆள் இல்லாமல் போகவில்லை. எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

மற்றத் துறைகளில் என்ன செய்யலாம் என்பதற்கு நீண்ட பட்டியல் வேண்டியதில்லை. பொருளியல் முதலாமாண்டில் தேசிய வருமானம் கணக்கிடக் கற்றுத் தருகிறோம். வீட்டில் சமைப்பதும் துவைப்பதும் கிழவியைக் குளிப்பாட்டுவதும் அந்தக் கணக்கில் வராது. 2019-இன் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடமும் ஆண் 97 நிமிடமும் செலவிடுவதாகச் சொல்கிறது. இந்த இரண்டு எண்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் கலைஞர் மகளிர் உரிமைத்தொகை உதவித்தொகையா, உழைப்புக்கான அங்கீகாரமா, தேர்தல் கணக்கா என்று விவாதிக்கச் சொன்னால் வகுப்பு தூங்காது. கணினி அறிவியலில் முகமறியும் மென்பொருள் பற்றிய பாடம் இருக்கிறது. 2018-இல் ஜாய் புவாலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய வணிக மென்பொருட்கள் வெள்ளைத்தோல் ஆண்களின் பாலினத்தைக் கணிப்பதில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே தவறுகின்றன, கறுத்த தோல் பெண்களிடமோ தவறு சிலவற்றில் 34 விழுக்காட்டைத் தாண்டுகிறது என்று காட்டியது. நம் மாணவர்களின் தோல் நிறம் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. வணிகவியலில், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்ற 2013 சட்டத்தை நிறுமச் சட்டத்தோடு சேர்த்தே நடத்தலாம். நாளை அந்தக் குழுவின் கோப்புகளைப் பராமரிக்கப்போவது அந்த பி.காம். பட்டதாரிதான். இயற்பியலில் எங்கே சேர்ப்பது என்று கேட்பார்கள். சேர்க்க வேண்டாம். இடமில்லாத இடத்தில் திணித்தால் கேலிக்கூத்தாகும். அங்கே அந்த ஒரு கிரெடிட் தாள் ஒழுங்காக நடந்தால் போதும்.

பன்மை என்ற சொல்லையும் இங்கே பேச வேண்டும், ஏனென்றால் பாலினத்தைத் தனியே எடுத்துப் பேசினால் தமிழ்நாட்டில் பாதிக் கதைதான் புரியும். 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் வனம், காவல், வருவாய்த் துறையினர் சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லிப் புகுந்தார்கள். மலைவாழ் பெண்கள் 18 பேர் வன்புணர்வுக்கு ஆளாக்கப்பட்டார்கள். குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் வழக்கு முடிவதற்குள் 54 பேர் இறந்துபோக, எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011-இல் தீர்ப்பு வந்தது. 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்தப் பெண்கள் பெண்கள் என்பதால் மட்டும் அது நடக்கவில்லை. பழங்குடி என்பதால் மட்டும் நடக்கவுமில்லை. நிலமும் காடும் சீருடையும் சேர்ந்த கதை அது. சட்டம், அரசியல் அறிவியல், சமூகப்பணி படிக்கும் தமிழ் மாணவர் ஒருவர் அமெரிக்கக் கோட்பாட்டாளர்களை மேற்கோள் காட்டிவிட்டு வாச்சாத்தி தெரியாமல் பட்டம் பெற்றால், அந்தப் பாடத்தை எப்படி நடத்தினோம் என்று நம்மைத்தான் கேட்க வேண்டும்.

முதன்மைப் பாடத்துக்குள் போனால் சண்டை வரும் என்பதையும் மறைக்க வேண்டாம். 2021 ஆகஸ்டில் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் மேற்பார்வைக் குழு, பி.ஏ. ஆங்கிலம் ஆனர்ஸ் ஐந்தாம் செமஸ்டரின் பெண் எழுத்துத் தாளிலிருந்து மகாசுவேதா தேவியின் 'திரௌபதி' சிறுகதையை நீக்கியது. அதோடு நம் தலித் எழுத்தாளர்களான பாமாவும் சுகிர்தராணியும் வெளியே போனார்கள். கல்விக் குழு உறுப்பினர்கள் 15 பேர் எதிர்ப்பைப் பதிவு செய்தும் பயனில்லை. ஓரத்துத் தாளில் இருக்கும்வரை எவரும் கண்டுகொள்வதில்லை. இலக்கியப் பாடத்தின் நடுவில் தலித் பெண்ணின் உடலும் குரலும் வந்தவுடன் கத்தரி வருகிறது. எந்த இடத்துக்குக் கத்தரி வருகிறதோ அதுதான் முக்கியமான இடம் என்று கத்தரி பிடித்தவர்களே நமக்குக் காட்டிக்கொடுக்கிறார்கள்.

தனிப் பாடம் தேவையில்லை என்று இதற்குப் பொருள் கொண்டுவிட வேண்டாம். எல்லாத் துறைக்குள்ளும் கலந்துவிட்டோம் என்று சொல்லிப் பெண்ணியத் துறைகளின் பணியிடங்களைக் காலியாகவே வைத்துவிட்டால், கலப்பதற்கு எதுவும் மிஞ்சாது. செஹாட் பயிற்சி தந்ததால்தான் மகாராஷ்டிரப் பேராசிரியர்கள் நடத்தினார்கள். அன்வேஷி எழுதியதால்தான் தெலங்கானா மாணவர்களுக்குப் புத்தகம் கிடைத்தது. இந்த அறிவை முழுநேரமாகச் செய்பவர்கள் எங்கேயோ சம்பளத்தோடு இருந்தாக வேண்டும். 'இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்' என்ற பெற்றோரின் கேள்விக்கும் அங்கே ஒரு பதில் இருக்கிறது. சென்னை மாநகராட்சிகூடத் தன் பாலினக் கொள்கை ஆய்வகத்துக்கு ஆள் எடுத்திருக்கிறது.

ஆண் பிள்ளைகளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் பாடம் என்ற முணுமுணுப்பும் உண்டு. மோசமாக நடத்தினால் அப்படித்தான் ஆகும். ஆனால், அழக்கூடாது, சமையலறைப் பக்கம் போகக்கூடாது, இருபத்தைந்துக்குள் சம்பாதித்தாக வேண்டும் என்று வளர்க்கப்பட்டவனும் அந்த வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குப் பேச அங்கே நிறைய இருக்கிறது. வேறு எந்த வகுப்பிலும் அவனை யாரும் கேட்டதில்லை.

நடைமுறைக்கு வருவோம். இதற்குப் புதிய சட்டமோ புதிய ஆணையமோ தேவையில்லை. ஒரு கிரெடிட் தாளை ஆறாவது செமஸ்டரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றுவது ஒரு தீர்மானத்தில் முடிகிற காரியம். தமிழ்ப் பாடநூலை உயர்கல்வி மன்றம் ஓராண்டில் எழுதி வாங்கலாம். முதன்மைப் பாடங்களுக்குள் அலகுகளைச் சேர்க்கும் அதிகாரம் ஏற்கெனவே அந்தந்தத் துறையின் பாடத்திட்டக் குழுவிடம் இருக்கிறது. அந்தக் குழுவில் வெளிப் பல்கலைக்கழக வல்லுநருக்கு இடமுண்டு, தொழில்துறைப் பிரதிநிதிக்கு இடமுண்டு, முன்னாள் மாணவருக்கும் உண்டு. பெண்ணியத் துறையிலிருந்து ஒருவரையும் ஒவ்வொரு குழுவுக்கும் அழைத்து, பழைய கோப்பைத் திறந்து வரி வரியாகப் படிக்கும்போது பக்கத்தில் உட்கார வைக்கலாம். ஆகும் செலவு ஒரு பயணப்படியும் ஒரு நாள் மதியச் சாப்பாடும்.